கவுன்ட்டருக்கு அந்தப் பக்கத்து மொழி

சில ஆண்டுகளுக்கு முன் டெல்லியில் ஒரு பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. சேர்க்கைக் குழுவில் நானும் இருந்தேன். சேர்க்கைக்கு அன்று கடைசி நாள். பீகாரில் ஒரு மாவட்டத் தலைநகரிலிருந்து இரவெல்லாம் ரயிலில் வந்திருந்த மாணவர் ஒருவர் வரிசையில் நின்றார். நுழைவுத் தேர்வில் நல்ல ரேங்க். மதிப்பெண் பட்டியல் சரி, டி.சி. சரி. "மைக்ரேஷன் எங்கே?" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். மாணவர் பையைத் துழாவி, ஊரில் வாங்கி வந்த இருப்பிடச் சான்றிதழை நீட்டினார். ஊர்விட்டு ஊர் வருவதற்கான தாள் என்றுதான் அவர் அந்தச் சொல்லைப் புரிந்துகொண்டிருந்தார். அந்தத் தாள் திரும்பி வந்தது. மாலை ஐந்து மணிக்கு ஜன்னல் மூடியது. அவருடைய இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்து இருந்தவருக்குப் போனது.

அவர் செய்த தவறு என்ன? தகுதி இருந்தது, கட்டணமும் கையில் இருந்தது. ஒரு சொல் தெரியவில்லை. "அண்டர்டேக்கிங் எழுதித் தருகிறேன், தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டிருந்தால், சான்றிதழைக் கொண்டுவர அந்தப் பல்கலைக்கழகத்தின் விதியே அவகாசம் கொடுத்திருக்கும். கவுன்ட்டரில் இருந்தவர் பொய் சொல்லவில்லை, லஞ்சம் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். மூன்று மேஜை தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கு விஷயம் மறுநாள்தான் தெரிந்தது.

இந்த மொழி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீரும். கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் மூன்றும் 1857-ல் தொடங்கப்பட்டன. லண்டன் பல்கலைக்கழகம்தான் முன்மாதிரி. அந்நாளைய லண்டன் பல்கலைக்கழகம் பாடம் நடத்தவில்லை. தேர்வு வைத்தது, பட்டம் கொடுத்தது. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. அந்த ஏற்பாட்டோடு ரெஜிஸ்ட்ரார், செனட், சிண்டிகேட் என்ற சொற்களும் கப்பலேறி வந்தன. இன்றும் நம் மாணவர்களில் பெரும்பாலோருக்குப் பாடம் நடத்துபவர் ஒருவர், பட்டம் தருபவர் இன்னொருவர். அதனால்தான் விடைபெறும்போது இரண்டு தாள்கள் வாங்க வேண்டியிருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் எனும் டி.சி.யைக் கல்லூரி தரும். "எங்களிடம் இனி இவர் மாணவர் இல்லை, வேறு பல்கலைக்கழகத்தில் சேர எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று சொல்லும் மைக்ரேஷன் சான்றிதழைப் பல்கலைக்கழகம் தரும். பல்கலைக்கழகம் மாறாமல் கல்லூரி மட்டும் மாறினால் பொதுவாக டி.சி. போதும். பல்கலைக்கழகமே மாறினால் இரண்டும் வேண்டும். மைக்ரேஷன் தானாக வீடு தேடி வராது. விண்ணப்பித்து, கட்டணம் கட்டி வாங்க வேண்டும். கடைசித் தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே விண்ணப்பிப்பது நல்லது.

அடுத்து, யாரிடம் போவது? குறை என்றதும் துணைவேந்தருக்கு மனு எழுதுவது நம் வழக்கம். அந்த மனு படியிறங்கி, கடைசியில் ஒரு பிரிவு அலுவலரின் மேஜைக்குத்தான் வரும். நேராக அங்கேயே போகலாம். பதிவாளர் என்பவர் பல்கலைக்கழகத்தின் ஆவணங்களுக்கும் முத்திரைக்கும் பொறுப்பாளர். சேர்க்கை, மைக்ரேஷன் போன்றவை பெரும்பாலும் அவருடைய அலுவலகத்தின் கீழ் வரும். மதிப்பெண், ஹால் டிக்கெட், மறுமதிப்பீடு எல்லாம் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் எல்லை. பாடத்திட்டத்தில் குறை என்றால், முதலில் அதைப் பேசும் இடம் 'போர்டு ஆஃப் ஸ்டடீஸ்' எனும் பாடத்திட்டக் குழு. அங்கிருந்து அகாடமிக் கவுன்சிலுக்குப் போகும். பணமும் நிர்வாகமும் சிண்டிகேட் கையில். மத்தியப் பல்கலைக்கழகங்களில் அதன் பெயர் எக்சிகியூட்டிவ் கவுன்சில்.

ஒரே விஷயத்துக்கு ஊருக்கொரு பெயர் இருப்பது இன்னொரு தொல்லை. தமிழகத்து மாணவர் 'அரியர்' என்பதை வடக்கே 'பேக்லாக்' என்பார்கள். மும்பையிலும் புனேயிலும் 'ஏ.டி.கே.டி.' என்பார்கள். 'அலவ்ட் டு கீப் டேர்ம்ஸ்' என்பதன் சுருக்கம் அது. சில தாள்களில் தோற்றிருந்தாலும் அடுத்த பருவத்துக்குப் போகலாம் என்று பொருள். ஒரு மாணவருக்கு இது ஆறுதல். வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு இது கேள்வி. அந்த நிறுவனங்களின் படிவத்தில் இரண்டு வினாக்கள் தனித்தனியே இருக்கும். 'ஸ்டாண்டிங் அரியர்' என்றால் இன்னும் தேறாமல் நிற்கும் தாள். 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்' என்றால் என்றைக்காவது தோற்றுப் பிறகு தேறிய தாள். முன்னதற்கு 'இல்லை' என்று எழுத வேண்டியவர் பின்னதற்கும் 'இல்லை' என்று எழுதிவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வதுண்டு. அது பொய் என்று எடுத்துக்கொள்ளப்படும். சொல் புரியவில்லை என்ற விளக்கம் அங்கே எடுபடாது.

'கண்டோனேஷன்' என்பது வருகைப் பதிவில் உள்ள குறையை மன்னிப்பது. பல பல்கலைக்கழகங்கள் 75 சதவீத வருகை கேட்கின்றன. அதற்குச் சற்றுக் கீழே இருப்பவர் மருத்துவச் சான்றிதழும் கட்டணமும் கொடுத்துத் தேர்வு எழுத அனுமதி பெறலாம். எவ்வளவு குறையலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும். காய்ச்சலில் படுத்த வாரமே சான்றிதழைத் துறையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வையுங்கள். தேர்வுக்கு முந்தின வாரம் கொண்டுபோனால் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

மறுகூட்டலும் மறுமதிப்பீடும் ஒன்றல்ல. மறுகூட்டலில் மதிப்பெண்களைத் திரும்பக் கூட்டிப் பார்ப்பார்கள். விடையை யாரும் படிக்கமாட்டார்கள். மறுமதிப்பீட்டில் வேறொருவர் விடையைப் படிப்பார். சில இடங்களில் மதிப்பெண் குறைந்தாலும் அந்தக் குறைந்ததே இறுதி. எனவே முதலில் விடைத்தாளின் நகலைப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். அது சலுகை அல்ல. தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் ஒரு வழக்கில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

இப்போது கிரெடிட். நான்கு கிரெடிட் தாள் என்கிறார்களே, அது என்ன? பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது ஒரு பருவத்தில் 15 மணி நேர வகுப்பு, அல்லது 30 மணி நேர ஆய்வக வேலை. ஆக, நான்கு கிரெடிட் தாளுக்கு 60 மணி நேர வகுப்பு நடந்திருக்க வேண்டும். உங்கள் கல்லூரியில் நடந்ததா என்று எண்ணிப் பார்க்கும் உரிமையும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. கிரெடிட்தான் மதிப்பெண்ணின் எடையையும் தீர்மானிக்கிறது. நான்கு கிரெடிட் தாளில் 9 புள்ளியும் இரண்டு கிரெடிட் தாளில் 6 புள்ளியும் வாங்கியவரின் சராசரி ஏழரை அல்ல. நாலொன்பது 36, ஈராறு 12, மொத்தம் 48. அதை 6 கிரெடிட்டால் வகுத்தால் 8. ஒரு பருவத்துக்கு இப்படி வருவது எஸ்.ஜி.பி.ஏ.; எல்லாப் பருவங்களையும் சேர்த்து வருவது சி.ஜி.பி.ஏ.

வேலை விளம்பரங்களோ இன்னும் சதவீதத்தில்தான் பேசுகின்றன. சி.ஜி.பி.ஏ. 7 என்பது எத்தனை சதவீதம்? பத்தால் பெருக்கினால் 70. ஒன்பதரையால் பெருக்கும் வழக்கத்தில் 66.5. முக்கால் புள்ளியைக் கழித்துவிட்டுப் பத்தால் பெருக்கும் வழக்கத்தில் 62.5. குறைந்தபட்சத் தகுதி 65 சதவீதம் என்று ஒரு விளம்பரம் கேட்டால், ஒரே மாணவர் இரண்டு கணக்கில் உள்ளே, ஒரு கணக்கில் வெளியே. உங்கள் பல்கலைக்கழகம் எந்தச் சூத்திரத்தை ஏற்கிறது என்று தேர்வுப் பிரிவில் முத்திரையோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாக ஒன்றை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கிரெடிட்டைச் சேமித்து வைக்க ஒரு வங்கியும் வந்திருக்கிறது. 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' என்ற அந்த ஏற்பாட்டுக்கான விதிகளை மானியக் குழு 2021-ல் வெளியிட்டது. படிப்பை இடையில் நிறுத்தியவர் சேர்த்த கிரெடிட்டை வைத்திருந்து, பிறகு அதே இடத்திலோ வேறு இடத்திலோ தொடர வழி செய்வது நோக்கம். பொதுவாக ஏழு ஆண்டுகள் வரை அது செல்லும். ஆனால் இதில் பதிவு செய்திருக்கும் நிறுவனத்தில்தான் இது நடக்கும். படிப்பை விடுமுன் அதைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றும் சொல், தமிழில் நாம் கூசாமல் பயன்படுத்தும் 'அங்கீகாரம்'. 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று பேருந்தின் முதுகில் எழுதியிருக்கும். அந்த ஒரு சொல் நான்கு வேறு விஷயங்களை மூடி மறைக்கிறது. முதலாவது, பட்டம் வழங்கும் அதிகாரம். 1956-ம் ஆண்டின் மானியக் குழுச் சட்டம் 22-வது பிரிவின்படி, மத்திய, மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்களும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும், நாடாளுமன்றச் சட்டம் சிறப்பாக அதிகாரம் கொடுத்த நிறுவனங்களும் மட்டுமே பட்டம் தரலாம். இரண்டாவது, இணைப்பு: ஒரு கல்லூரி ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்திருப்பது. இது படிப்புவாரியாகக் கொடுக்கப்படுவது. பி.காம். படிப்புக்கு இணைப்பு இருப்பதால் அதே கல்லூரியின் பி.சி.ஏ.வுக்கும் இருக்கிறது என்று ஆகாது. மூன்றாவது, பொறியியல், சட்டம், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு அந்தந்த அகில இந்திய அமைப்பு தரும் ஒப்புதல். நான்காவது, 1994-ல் பெங்களூரில் அமைக்கப்பட்ட 'நாக்' போன்ற அமைப்பு தரும் தரமதிப்பீடு. இது தரத்துக்கான சான்று மட்டுமே; பட்டம் தரும் அதிகாரமோ தொழிற்படிப்புக்கான ஒப்புதலோ இதனால் வந்துவிடாது. நான்கில் ஒன்றைக் காட்டி மற்ற மூன்றும் இருப்பதுபோல் பேசுவதுதான் விளம்பரத்தின் சாமர்த்தியம்.

இதன் விலை என்ன என்பதற்கு நீதிமன்ற வரலாறே சாட்சி. சத்தீஸ்கரில் 2002-ல் வந்த ஒரு சட்டத்தின் கீழ் நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் காகிதத்தில் முளைத்தன. பலவற்றுக்குக் கட்டடமே கிடையாது. பேராசிரியர் யஷ்பால் தொடுத்த வழக்கில் 2005 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு வழி செய்த பிரிவுகளை ரத்து செய்தது. மாணவர்களைக் காப்பாற்ற, அந்த நிறுவனங்களை ஏற்கெனவே உள்ள மாநிலப் பல்கலைக்கழகங்களோடு இணைக்க நடவடிக்கை எடுக்கச் சொன்னது. 2017 நவம்பரில் இன்னொரு தீர்ப்பு: சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய ஒப்புதல் இல்லாமல் அஞ்சல் வழியில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் பற்றியது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்கள் தேர்வெழுதித் தங்கள் பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள வாய்ப்புக் கிடைத்தது. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. வேலையில் சேர்ந்து, பதவி உயர்வும் பெற்று, குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் அவர்களில் உண்டு. 'அங்கீகாரம் யாருடையது, எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டு வரை?' என்று சேரும்போதே கேட்டிருந்தால் பலர் தப்பியிருக்கலாம்.

படித்து முடித்தபின்னும் ஒரு சொல் காத்திருக்கிறது. 'புரவிஷனல்' என்பது பட்டம் அல்ல. பட்டம் பெறத் தகுதி வந்துவிட்டது என்ற தற்காலிகச் சான்று. பட்டத்துக்குப் பல இடங்களில் தனியே விண்ணப்பிக்க வேண்டும். விழாவுக்குப் போக முடியாதவர் 'இன் ஆப்சென்ஷியா' என்று குறித்து, நேரில் வராமலே பெறலாம். தகுதி பெற்ற நாளிலிருந்து 180 நாட்களுக்குள் பட்டம் வழங்க வேண்டும் என்பது மானியக் குழுவின் 2008-ம் ஆண்டு விதி. அதைக் குறிப்பிட்டு எழுதும் கடிதத்துக்குப் பதில் கொஞ்சம் சீக்கிரமே வரும். அதேபோல், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும் என்று 2018-ல் மானியக் குழு அறிவித்திருக்கிறது. "நடுவில் போனால் முழுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு அசலை வாங்கிக்கொள்" என்று மிரட்டும் இடத்தில் இந்த அறிவிப்பை எழுத்தில் சுட்டிக்காட்டுங்கள்.

எழுத்தில் என்பது முக்கியம். வாய்வார்த்தையாகக் கேட்டால் வாய்வார்த்தையாகவே மறுப்பார்கள். இரண்டு வரிக் கடிதம், அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை, தேதி. இவை இருந்தால் மறுப்பவர் காரணம் எழுத வேண்டியிருக்கும். காரணம் எழுத வேண்டும் என்றாலே பல மறுப்புகள் காணாமல் போய்விடுகின்றன.

மாணவர்களுக்கு இவ்வளவு சொன்னபின் பல்கலைக்கழகங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நூறு பக்கத்துக்குக் குறையாத விவரக் கையேட்டில் துணைவேந்தரின் வண்ணப்படத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறீர்கள். இந்தச் சொற்களின் பொருளை அந்தந்த மாநில மொழியில் அச்சிட இன்னொரு பக்கம் போதும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர அப்பாவோ அக்காவோ கிடையாது. கவுன்ட்டரில் இருப்பவர்தான் அவருக்குப் பல்கலைக்கழகம்.

அந்த பீகார் மாணவர் அடுத்த ஆண்டு மீண்டும் நுழைவுத் தேர்வு எழுதினாரா என்று பட்டியலில் தேடினேன். பெயர் இல்லை. அதன்பின் சேர்க்கைக் குழுவில் இருந்த ஒவ்வோர் ஆண்டும், கடைசி நாளன்று என் நாற்காலியைக் கவுன்ட்டருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.