நடக்கச் சொன்னால் ஆடுவதா?

கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் வாழும் நம் பிள்ளைகளின் காதுக்குச் சிங்களம் புதிதன்று. லயத்திலிருந்து இறங்கிக் கடைக்குச் சென்றாலும், எட்டியாந்தோட்டைக்கோ பலாங்கொடைக்கோ பஸ் ஏறினாலும் அம்மொழியே கேட்கும். ஆனால், கேட்டுப் பழகுவது வேறு. பிழையின்றிப் பேசுவது வேறு.

அம்மா, அக்கா, மாமா ஆகியவை இரு மொழிக்கும் பொது. 'தல்லு கரன்ன' என்றால் 'தள்ளு' என்றே பொருள். இந்தத் துணிவில் மேலே சென்றால், 'மல்லி' என்று தம்பியை அழைப்பார்கள். நாமோ அடுக்களையைத் திரும்பிப் பார்ப்போம்! இத்தகைய சொற்களுக்குப் 'பொய் நண்பர்கள்' எனப் பெயரிட்டு, 1928-இல் கெஸ்லர், தெரொக்கிஞி என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர் ஒரு நூலே வெளியிட்டனர். ஸ்பானிய மொழியில் 'கொந்தெஸ்தார்' என்றால் பதிலளித்தல். ஆங்கிலம் அறிந்தவரோ போட்டியிடுதல் என எண்ணி மயங்குவார்.

இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் வினை 'நடனவா'. தமிழ்க் காதில் இது 'நட' என்றே விழும். பொருளோ ஆடுதல். நடத்தலுக்குரிய சொல் 'எவிதினவா'. அம்மாயியை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்ற பேத்தி, நடக்க முடியவில்லை என்று சொல்ல நினைத்து, 'நடன்ன பெஹெ' என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கிழவிக்கு ஆட வராது என்று வைத்தியர் அறிந்துகொள்வார். வலி முழங்காலிலா இடுப்பிலா என்று கேட்க வேண்டிய நேரம் வீணே கழியும். 'எவிதின்ன பெஹெ' என்றிருந்தால் காரியம் முடிந்திருக்கும்.

பொருளில் ஏமாற்றினாலும், இலக்கணத்தில் இது பரம சாது. தமிழில் நடக்கிறேன், நடக்கிறாய், நடக்கிறார்கள் என்று எத்தனை விகுதிகள்! பேச்சுச் சிங்களத்தில் நான், நீ, அவர்கள் எல்லாருக்கும் 'நடனவா' ஒன்றே. நாளை ஆடுவதற்கும் அதுவே. (எழுத்துச் சிங்களத்தில் விகுதிகள் உண்டு, அது வேறு பாடம்.) இறந்த காலத்தில் மட்டும் 'நெடுவா' ஆகும். பார்த்தலைக் குறிக்கும் 'பலனவா', 'பெலுவா' ஆவதும், வெட்டுதலைக் குறிக்கும் 'கபனவா', 'கெபுவா' ஆவதும் இம்முறையே. இங்கே 'எ' என நாம் எழுதுவது, ஆங்கிலத்தில் பூனையைக் குறிக்கும் சொல்லில் வரும் உயிரொலி. தமிழில் அதற்கு எழுத்தில்லை. 'நடனவா'வின் டகரத்தையும் 'பட்டு' என்பதிற்போல வன்மையாகவே ஒலிக்க வேண்டும், இரட்டிக்காமல். றப்பர்த் தோட்டத்துப் பிள்ளைக்கு 'கபனவா' மறக்காது. நாம் 'பால் வெட்டுதல்' என்பதைச் சிங்களவரும் 'கிரி கபனவா' என்றே சொல்கின்றனர்.

'நடனவா'வை நினைவிற் கொள்ளவும் வழியுண்டு. 'நட' தமிழின் சொந்தச் சொல். சிங்கள வினையோ வடமொழி வழி வந்தது. நாம் வடமொழியிலிருந்து பெற்ற நடனம், நாட்டியம் என்பவற்றுக்கு உறவு. ஆகவே மாணவர் 'நட'வை விட்டு 'நடன'த்தின் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். சான்றுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கண்டிய நடனம், தாழ்நில நடனம் ஆகியவற்றோடு சிங்களவரின் மூன்றாவது ஆடல் மரபாகப் போற்றப்படுவது 'சபரகமு நெடும்'. இரத்தினபுரி சமன் தேவாலயத்தோடு இணைந்து வளர்ந்த அம்மரபுக்குரிய முழவின் பெயர் 'தவுல'. நம் தவிலை நினைவூட்டும் பெயரல்லவா?

1956-இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாக்கப்பட்டது. 1987-இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 2007 ஜூலை முதல் அரச சேவையிற் சேருவோர் மற்ற மொழியையும் கற்றாக வேண்டும் என்பது விதி. எனவே பிரதேச செயலக மேசையின் மறுபுறத்தில், நம் 'நட'வோடு மல்லாடும் சிங்கள எழுதுவினைஞர் ஒருவர் அமர்ந்திருக்கலாம். 'தோட்டத்திலிருந்து நடந்தே வந்தோம், ஐயா' என்று சொன்னால், வழிநெடுக ஆடிக்கொண்டா வந்தார்கள் என்று அவர் திகைக்கக்கூடும். அப்போது நம் பிள்ளைகள் 'எவிதினவா' என்று எடுத்துக் கொடுக்கட்டும்.