படத்தை ஓவியமாக்கலாமா?

ஆடி மாதத்தில் ஒரு மாலை, பல்லடத்திலிருந்து உடுமலைச் சாலையில் சற்றுத் தொலைவு சென்று பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றில் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்கும். அதைக் கைப்பேசியில் படம் பிடித்துச் செயலியில் ஒரு பொத்தானைத் தொட்டால் போதும், படம் தூரிகையால் தீட்டிய ஓவியம் போல் மாறிவிடும். அழகுதான். ஆனால் படத்துக்குள் என்ன நடந்தது என்று எண்ணிப் பார்த்தீர்களா?

இந்த ஆசை புதிதல்ல. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராயிருந்த லின்னேயஸ் டிரைப், 1858-இல் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைப் படமெடுத்தார். வெள்ளி உப்பு பூசிய அக்காலத்து நெகடிவ், நீல ஒளியை மிகுதியாக ஏற்கும். பச்சையையும் சிவப்பையும் ஏறக்குறைய ஏற்காது. ஆகவே வானம் வெறும் வெள்ளையாகவும் மரங்கள் கரிய திட்டுகளாகவும் பதிந்தன. டிரைப் தம் நெகடிவ்கள் சிலவற்றின் மேல் வண்ணம் பூசி, மேகங்களையும் இலைகளையும் தாமே உண்டாக்கினார். அந்த மேகங்கள் எந்த வானத்திலும் மிதந்தவை அல்ல!

இன்று தூரிகையின் வேலையைக் கணக்கு செய்கிறது. 1976-இல் ஜப்பானில் குவஹாராவும் அவர் குழுவினரும் இதய நோய் மருத்துவத்துக்கான படங்களைத் தெளிவாக்க ஒரு முறையைக் கண்டனர். அதுவே பின்னாளில் ஓவியத் தோற்றம் தரும் முறைகளில் ஒன்றாயிற்று. ஒரு படப்புள்ளியைச் சுற்றி 5 வரிசை, 5 நிரலாக 25 புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அதை, நடுப்புள்ளியைப் பொதுவாகக் கொண்ட நான்கு சிறு கட்டங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் 9 புள்ளிகள் இருக்கும். எந்தக் கட்டத்தில் வேறுபாடு மிகக் குறைவோ, அதன் சராசரியையே நடுப்புள்ளிக்குக் கொடுக்க வேண்டும். படம் முழுவதும் இப்படிச் செய்தால் பரப்புகள் வழவழப்பாகும். விளிம்புகள் மட்டும் கூர்மையாக நிற்கும். தூரிகைத் தீற்றல் போல் தோன்றுவது இதனால்தான்.

இங்கேதான் சிக்கல். வகுப்பின் சராசரி மதிப்பெண் 60 என்றால், உங்கள் மதிப்பெண் என்ன என்று அதிலிருந்து சொல்ல முடியுமா? முடியாது. அதுபோலவே, சராசரியில் கரைந்த மின்கம்பியையோ தொலைவிலுள்ள காற்றாலை இறக்கையையோ மீட்க வழியில்லை.

‘அழகுக்காகச் செய்வதில் என்ன தவறு?’ என்று கேட்பீர்கள். சுவரில் மாட்டுவதற்கானால் தவறே இல்லை. ஆனால் எல்லாப் படமும் அழகுக்காக எடுக்கப்படுவதில்லை. பல்லடத்துக்கு வடக்கே திருப்பூர் வழியாக நொய்யல் ஓடுகிறது. அதில் சாயக்கழிவு கலந்ததால் விளைந்த கேடு காரணமாக, 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. இத்தகைய ஆற்றின் படத்தில் நீரின் நிறமே சான்று. அந்த நிறத்தைக் கண்ணுக்கு இதமாக மாற்றிவிட்டால், படம் இருக்கும்; சான்று இராது.

கைப்பேசியே நிறத்தைத் திருத்துகிறதே என்றும் நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அதனால் நம் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. ஆய்வுக்காக எடுக்கும் படத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் சேர்த்து எடுங்கள். தாள் நீலமாகத் தெரிந்தால் மற்ற நிறங்களும் பிசகியிருக்கின்றன என்று அறியலாம்.

ஆகவே என் கருத்து இதுதான்: படத்தை ஓவியமாக்குங்கள், ஆனால் பிரதியில் மட்டும் செய்யுங்கள். மூலப்படத்தைத் தொடாமல் காப்பாற்றுங்கள். என்ன மாற்றினீர்கள் என்பதை அடியில் ஒரு வரி எழுதுங்கள். ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் அளவீடுகளை அழித்து எழுதுவோமா?

இன்றே ஒரு சோதனை செய்யலாம். விசைத்தறியில் நெய்த துணி ஒன்றை மிக அருகில் படமெடுத்து, ஒரு சென்டிமீட்டரில் எத்தனை பாவு நூல், எத்தனை ஊடை நூல் என்று எண்ணுங்கள். பிறகு படத்தை ஓவியமாக்கி மறுபடியும் எண்ணிப் பாருங்கள். கிடைக்கும் விடை இந்தக் கட்டுரையைவிட நன்றாக உங்களுக்குப் புரியவைக்கும்.