மாட்டுக்கறி ஏன் எப்போதும் தாமதமாகவே வருகிறது?

2024 டிசம்பரில் சென்னை மெரினாவில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் உணவுத் திருவிழாவை அரசு நடத்தியது. மாவட்டந்தோறும் இருந்து உணவுகள் வந்தன, மாட்டுக்கறி மட்டும் வரவில்லை. நீலம் பண்பாட்டு மையம் கேள்வி எழுப்பிய பிறகுதான் சேர்த்தார்கள். 2022 ஆகஸ்டில் தீவுத்திடல் உணவுத் திருவிழாவிலும் இதே கதைதான். முதலில் இல்லை, எதிர்ப்புக் கிளம்பியதும் கடை வந்தது. அதே ஆண்டு மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தார்கள், அதில் மாட்டு பிரியாணிக்கு இடமில்லை. எஸ்சி, எஸ்டி ஆணையம் விளக்கம் கேட்டது. விழாவோ மழையைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கப்பட்டது.

"வன்கொடுமை நடக்கிற நாட்டில் பிரியாணிக்கா போராட்டம்?" என்று நம் தோழர்கள் சிலரே கேட்கிறார்கள். காவிரிப் படுகையில் வேலை செய்கிற நாங்கள் இதை அப்படிப் பிரித்துப் பார்க்க முடியாது. இந்த மண்ணில் பண்ணையாளின் வாய்க்குள் எது போக வேண்டும் என்பதை மிராசுதார்தான் முடிவு செய்தார். எதிர்த்துப் பேசினால் சவுக்கடி, கூடவே சாணிப்பால். அதை நிறுத்துவதற்கே 1944-ல் மன்னார்குடியில் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. கூடுதல் நெல் கூலி கேட்ட போராட்டத்தில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1927-ல் அம்பேத்கர் மகத்தில் மக்களைத் திரட்டிப் போனதும் ஒரு குளத்துத் தண்ணீரைக் குடிக்கத்தான். தின்பதும் குடிப்பதும் நமக்கு எப்போதும் அரசியலாகவே இருந்திருக்கிறது.

தஞ்சாவூர்ச் சமையல் என்றதும் பத்திரிகைகள் எதை எழுதுகின்றன? கும்பகோணம் டிகிரி காபி, திருவையாறு அசோகா அல்வா, மராட்டிய அரண்மனைச் சாம்பார். எழுதட்டும், நமக்கும் அவை பிடிக்கும். ஆனால் அந்த நெல்லை நட்டு அறுத்தவர்களின் சட்டி எங்கே? வயல் நண்டு, நத்தை, அறுவடை முடிந்ததும் பிடிக்கிற எலி, வாய்க்கால் கெளுத்தி, மாட்டுக்கறி உப்புக்கண்டம். இவற்றுக்கு "பாரம்பரிய உணவு" என்ற பெயர் கிடைப்பதே இல்லை. வறுமை என்கிறார்கள், இல்லாவிட்டால் அருவருப்பு என்கிறார்கள். பக்குவம் தெரிந்த கைகளின் சமையல் என்று யாரும் சொல்வதில்லை.

குடியிலும் இதே கணக்குதான். நட்சத்திர ஓட்டலில் ஒயின் கோப்பையைச் சுழற்றி மணம் பார்த்தால் அது ரசனை. நடவு வேலை முடித்தவர் ஒயின்ஷாப் வாசலில் நின்றால் அவர் குடிகாரர். கள் 1987 முதல் தடையில் இருக்கிறது, மற்றதை அரசே விற்கிறது. டாஸ்மாக் நம் குடும்பங்களை என்ன செய்கிறது என்பதை வேலையில் தினமும் பார்க்கிறோம், அதற்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஒரே செயலுக்கு ஆளைப் பார்த்து இரண்டு பெயர் வைக்கிறார்களே, அதைத்தான் கேட்கிறோம்.

தஞ்சையிலிருந்து சென்னைக்குப் படிக்கப் போன தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏப்ரலில், தலித் வரலாற்று மாதத்தில், நீலம் அமைப்பு பி.கே. ரோஸி பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. மலையாளத்தின் முதல் கதாநாயகியான ரோஸி, நாயர் பெண்ணாக நடித்த குற்றத்துக்காக ஊரைவிட்டே விரட்டப்பட்டவர். அவர் பெயரிலான விழாவில் படம் பார்க்கிறீர்கள், வெளியே வந்து பீஃப் ஃப்ரை சாப்பிட்டபடி அந்தப் படத்தைக் கிழித்துத் தொங்கப்போடுகிறீர்கள். பக்கத்தில் இருப்பவர் "எந்தத் தெரு?" என்று கேட்பதில்லை. இந்த மகிழ்ச்சிக்காக யாரும் வெட்கப்பட வேண்டாம். நமக்கு மறுக்கப்பட்டவற்றில் ஓய்வும் ரசனையும் உண்டு, அவற்றையும் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அம்பேத்கர் வயலின் கற்றுக்கொண்டதை மறக்காதீர்கள்.

ஆனால் நகரத்தை நம்பிவிடவும் வேண்டாம். வாடகைக்கு வீடு தேடினால் "சைவமா?" என்ற கேள்வி அங்கேயும் வரும். ஊரிலோ நிலைமை இன்னும் வெளிப்படை. 2022-ல் பாப்பாநாடு அருகே கிளாமங்கலத்தில், தலித் மக்களுக்குப் பொருள் தர முடியாது என்று கடைக்காரர் சொன்ன காணொலியை நாடே பார்த்தது. மலக்குழி அவலத்தைச் சொன்ன திவ்யபாரதியின் "கக்கூஸ்" ஆவணப்படத்துக்கு 2017-ல் பல ஊர்களில் காவல்துறை திரையிட அனுமதி தரவில்லை. சென்னையில் நான்கு அரங்குகளில் நமக்கு இடம் கிடைத்துவிட்டது என்பதற்காக நம் தெருவுக்கும் கிடைத்துவிட்டதாக ஆகாது.

எனவே இரண்டு வேலைகள். தஞ்சையிலோ திருவாரூரிலோ நாகையிலோ அரசு உணவுத் திருவிழா அறிவித்தால், உணவுப் பட்டியல் வெளியாவதற்கு முன்பே ஆட்சியரிடம் மனு கொடுங்கள். மாட்டுக்கறியும் நண்டும் நத்தையும் முதல் நாளே இருக்க வேண்டும், அவற்றைச் சமைக்க நம் பெண்களின் குழுக்களுக்கே கடை ஒதுக்க வேண்டும் என்று எழுதுங்கள். அடுத்து, விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது நீங்கள் பார்த்த படங்களையும் கொண்டு வாருங்கள். ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளை வேட்டி, சமுதாயக் கூடத்துச் சுவர் போதும். கறிச்சோறு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.