அறிவித்துவிட்டு நிறுத்தினால் என்ன?

அரச அலுவலகக் கணினிகளைப் புதுப்பிக்க வேண்டும் என்று பேச்செடுத்தாலே, "ஓடிக்கொண்டிருப்பதில் ஏன் கை வைக்க வேண்டும்?" என்ற மறுப்புத்தான் முதலில் வரும். கை வைக்காமல் விட்டதன் விலையை இலங்கை 2023இலேயே கொடுத்துவிட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 26ஆம் திகதி, கப்பம் கோரும் மென்பொருள் அரசாங்கத்தின் கிளவுட் சேவையைத் தாக்கியது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் சிக்கின. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. சேவை 12 மணித்தியாலத்துக்குள் மீண்டது. மே 17 முதல் அன்றுவரை வந்த மின்னஞ்சல்கள் மீளவில்லை, பிரதியும் இல்லை. பாவனையில் இருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவை அந்நிறுவனம் ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டிருந்தது. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் 2021 முதலே இருந்தும், நிதி இல்லாததாலும் முந்தைய நிர்வாகத்தின் தீர்மானங்களாலும் அது தள்ளிப்போனதாகப் பொறுப்பான முகவர் நிலையம் விளக்கியது.

திருத்தமே சேவையை முடக்கிவிடாதா என்ற கேள்வியும் நியாயமானதுதான். 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு ஒன்று உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அதை மீளப்பெற்றும் பயனில்லை, ஏனெனில் அது எல்லோருக்கும் ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்திருந்தது. சிலவற்றில் முதலில் போட்டுப் பார்த்திருந்தால் சேதமும் அந்தச் சிலவற்றோடு நின்றிருக்கும்.

பல சேர்வர்கள் சேர்ந்து ஒரே தரவுத்தளத்தைத் தாங்கும் கிளஸ்டர் அமைப்பில் இப்படிப் படிப்படியாகச் செய்வது எளிது. மூன்றில் ஒன்றை விலக்கி, திருத்தி, சோதித்து, விடுபட்ட தரவுகளை அது எட்டிப்பிடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். காரியம் கெடுவது பெரும்பாலும் அந்த இடைவெளியில் காட்டும் அவசரத்தால்தான். ஒன்று வெளியே இருக்கும்போது இன்னொன்றும் விழுந்தால், எஞ்சிய சேர்வர் நலமாக இருந்தாலும் பெரும்பான்மை இல்லாததால் பதிவுகளை ஏற்க மறுத்துவிடும். முரணான இரு பதிவேடுகள் உருவாகாமல் தடுக்கவே அந்த விதி. ஆகவே மூன்று இருக்கிறதே என்ற தைரியம் திருத்தும் நேரத்தில் செல்லாது. எஞ்சும் இரண்டும் முழுச் சுமையைத் தாங்குமா என்று முன்கூட்டியே பார்க்காதவர்களும் உண்டு. கிளஸ்டரைக் காப்புப் பிரதி என்று நம்புவது இன்னும் மோசம்: ஒன்றில் தவறுதலாக அழித்தது மற்ற இரண்டிலும் அதே நொடியில் அழிந்துவிடும்.

செலவு கூடும் என்பது உண்மை. மூன்றாவது சேர்வரும் சோதனைக்கான தனி ஏற்பாடும் கண்டியின் ஒவ்வொரு பிரதேச செயலகத்துக்கும் கட்டுப்படியாகாது. அவற்றைப் பொதுவாக ஓரிடத்தில் வைத்துக்கொள்ளலாம். கண்டியிலுள்ள குடிவரவு குடியகல்வு பிராந்திய அலுவலகத்துக்கு ஹட்டனிலிருந்து பஸ் ஏறி வரும் தோட்டத் தொழிலாளி, கணினி முடங்கிய நாளில் சம்பளத்தையும் இழந்து திரும்புகிறார். அவருடைய கணக்கில் சேர்வரின் விலை அவ்வளவு பெரிதாகத் தெரியாது. சேவையை நிறுத்தித்தான் திருத்த வேண்டுமென்றால் அதை முன்கூட்டியே சொல்லலாம். மின்சார விநியோக நிறுவனங்களும் நீர் வழங்கல் சபையும் திருத்த வேலைக்கான தடையை முன்னரே அறிவிக்கின்றன. கணினிச் சேவைகளுக்கும் அந்த வழக்கம் வர வேண்டும். நள்ளிரவுதான் நல்ல நேரம் என்றும் எங்கும் சொல்லிவிட முடியாது. கண்டி தேசிய வைத்தியசாலைக்கு நள்ளிரவும் வேலை நேரமே. தலதா பெரஹரா நாட்களில் நகரத்து ஹோட்டல்களுக்கும் அப்படித்தான். அறிவித்தால் தாக்குபவர்களும் தெரிந்துகொள்வார்களே என்பார்கள். எந்த ஓட்டையை அடைக்கிறோம் என்று சொல்லாமலே, சனிக்கிழமை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை சேவை இருக்காது என்று சொல்ல முடியும்.