காலடிக் கணக்கில் ஏழைக்கு இடமுண்டா?

மணி காட்டுவதற்குத்தான் கைக்கடிகாரம் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று அது கட்டியவரின் காலடியை எண்ணுகிறது. எந்தத் தெருவில் எத்தனை நிமிடம் ஓடினார் என்று எங்கோ உள்ள கம்பெனிக்குக் கணக்கு எழுதி அனுப்புகிறது!

அந்தக் கணக்கைப் புரட்டிப் பார்த்து, மக்கள் நடக்கவும் ஓடவும் ஏற்ற நகரங்களை அமைக்கலாம் என்கிறார்கள். அமெரிக்காவில் ஒரேகான் மாநிலப் போக்குவரத்துத் துறை, ஸ்ட்ராவா கம்பெனிக்கு 20,000 டாலர் கொடுத்து, 17,700 மிதிவண்டிக்காரர்களின் ஓராண்டுக் கணக்கை வாங்கிற்று. 2020இல் அதே கம்பெனி, நகரங்களுக்கு இலவசமாகவே தர முன்வந்தது.

இகழவில்லை நாம். ஊகித்துச் சாலை போடுவதைவிட உண்மையறிந்து போடுவது மேல். ஆனால் தோழர்களே, அது யாருடைய உண்மை?

பெசன்ட் நகர்க் கடற்கரையில் உடல் இளைக்க ஓடுபவர் கையிலே கருவி இருக்கிறது. நொச்சிக்குப்பத்திலிருந்து மீன்கூடை சுமந்து மயிலாப்பூர்த் தெருக்களுக்கு நடக்கிறாரே தாய், அவர் கையிலே? பாத்திரம் துலக்க அடையாறுக்கு நடந்து வரும் பெண், ரங்கநாதன் தெருவில் மூட்டை தூக்கும் தோழன் — இவர்கள் நடக்காத நடையா? கருவியில்லை, ஆகவே கணக்கில் இல்லை. கணக்கில் இல்லை, ஆகவே நடைபாதையும் இல்லை என்றாகிவிடாதா?

2023 நவம்பரில் பெசன்ட் நகரில் 8 கிலோமீட்டர் நடைப்பயிற்சித் தடம் தொடங்கப்பட்டது. மாவட்டந்தோறும் ஒன்று என்பது திட்டம். வரவேற்கிறோம். பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதை அகன்றது. மாலையானால் குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் உலவுகின்றன. பாதை இருந்தால் சொல்லாமலே நடப்பான் மனிதன்! (இதைக் கண்டறியக் கடிகாரமா வேண்டும்?) உள்தெருவுக்குள் திரும்புங்கள்: நடைபாதை மேல் மோட்டார் சைக்கிள், அதையடுத்து மின்பெட்டி, நடப்பவனுக்குச் சாலை நடுவே இடம், பஸ்ஸுக்கு முன்னால்!

சென்னை மாநகராட்சி 2014இலேயே மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 விழுக்காடு நடப்பவர்க்கும் மிதிவண்டிக்கும் என்றது அது. ஏட்டில் உள்ளதை வீதியில் காண வேண்டாமா? கம்பெனி தரும் கணக்கோடு நில்லாமல், லஸ் முனையில், மாம்பலம் ரயில் நிலையப் படியில், அடையாறு பஸ் பணிமனை வாசலில் ஆளை நிறுத்தி, விடியல் முதல் இரவு வரை கால்களை எண்ணட்டும் மாநகராட்சி. செருப்புப் போட்ட கால், போடாத கால், எல்லாவற்றையும் எண்ணட்டும். எண்ணிக்கை மிகுந்த தெருவுக்கு முதல் நடைபாதை போடட்டும்.