கூடி உட்கார்ந்தால் ஐக்கியமா?

ஒரு விசுவாசி ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறார். பாடுகிறார், பிரசங்கம் கேட்கிறார், காணிக்கை போடுகிறார், வீடு திரும்புகிறார். அவருக்கு வேலை போய்விட்டது என்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. மூன்று மாதமாக அவரால் ஜெபிக்கவே முடியவில்லை என்பதும் யாருக்கும் தெரியாது. இதை ஐக்கியம் என்று சொல்ல முடியுமா?

ஒருவர் நிலையை மற்றவர் அறிந்து தாங்குவதே ஐக்கியம். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தில், அவர்களைத் திடப்படுத்த வர விரும்புவதாகச் சொல்லும் பவுல், அவர்களுடைய விசுவாசத்தால் தானும் ஆறுதலடைய விரும்புவதாகச் சேர்த்துக்கொள்கிறார். அப்போஸ்தலருக்கே அது தேவைப்பட்டது!

வரலாற்றிலும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், ஜான் வெஸ்லியின் மெதடிஸ்ட் சங்கத்தார் கட்டிய கூடத்தின் மேல் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்று காப்டன் ஃபாய் என்பவர் யோசனை சொன்னார். பலர் ஏழைகள், அவர்களால் முடியாதே என்றார் ஒருவர். அப்படியானால் மிகவும் ஏழைகளான பதினோரு பேரைத் தன்னிடம் விடும்படியும், அவர்களால் முடியாததைத் தானே கொடுப்பதாகவும் ஃபாய் சொன்னார்.

இப்படிப் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழுக்கள் உருவாயின. பணம் வாங்க வீடு வீடாகப் போனவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். ஒரு வீட்டில் கணவன் மனைவி சண்டை, இன்னொரு வீட்டில் குடி. கூட்டத்தில் தெரியாதது வாசற்படியில் தெரிந்தது. வெஸ்லி அந்தக் குழுக்களையே ஆத்தும விசாரிப்புக்குப் பயன்படுத்தினார். பிறகு வீடு வீடாகப் போவதை விட்டு, குழுவாக வாரம் ஒருமுறை கூடினார்கள். குறைகளை மனம்விட்டுப் பேசினார்கள், மனஸ்தாபங்களை முகமுகமாகத் தீர்த்தார்கள், ஒருவருக்காக ஒருவர் ஜெபித்தார்கள். கடனுக்காகப் பிறந்த ஏற்பாடு மெதடிஸ்ட் இயக்கத்தின் முதுகெலும்பாயிற்று.

1947-ல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் அந்த மெதடிஸ்ட் மரபும் கலந்திருக்கிறது. நம் வீட்டு ஜெபக்கூட்டங்களிலும் இதே வாய்ப்பு இருக்கிறது. ஆனால் பல இடங்களில் பாட்டு, வசனம், செய்தி, டீ என்று முடிந்துவிடுகிறது. "எப்படி இருக்கீங்க?" என்றால் "கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கேன்" என்பதே பதில். உண்மையைச் சொன்னால் அடுத்த வாரம் ஊரெல்லாம் பேசுவார்களோ என்ற பயம்தான் காரணம். அந்தப் பயம் வீணானது என்றும் சொல்லிவிட முடியாது. ஜெபக் குறிப்பு என்ற பெயரில் வம்பு பரவுவதும் நடக்கத்தான் செய்கிறது.

"எனக்கும் தேவனுக்கும் உள்ள உறவு போதும்" என்று சிலர் ஒதுங்குவதும் இதனால்தான். ஆனால் சோர்ந்துபோனவன் தன்னைத்தானே தூக்கிவிட முடியாது. அந்த நேரத்தில் அவனுக்காக விசுவாசிக்க இன்னொருவர் வேண்டும். நாளை அவன் அந்த இன்னொருவரைத் தாங்குவான்.

கேட்டதை வெளியே சொல்லாத நாலு பேர் போதும். ஐக்கியம் அங்கேயே தொடங்கிவிடும்.