வண்டி ஓடும்போதே பாலம் மாற்றுவது

நம் சங்கத்துக் குடும்பங்களில் இன்று வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது கம்ப்யூட்டர் துறையில் இருக்கிறது. புதிதாக ஒன்றைச் செய்தோம் என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் வரும் மலர்ச்சி, பழையதைச் சீர்செய்தோம் என்னும்போது வருவதில்லை. 36 ஆண்டுகள் ரயில்வேயில் பாலங்களையும் தண்டவாளங்களையும் பராமரித்தவன் என்ற முறையில் இதைப்பற்றிச் சொல்ல எனக்குச் சில வார்த்தைகள் உண்டு.

பைத்தான் என்ற கணினி மொழியில் 'நம்பை' என்று ஒரு நிரல் நூலகம் இருக்கிறது. எண்களை வரிசை வரிசையாக அடுக்கிக் கணக்கிட உதவுவது. யாருக்கும் தனிச் சொத்தல்ல. எவரும் இலவசமாக எடுத்தாளலாம், திருத்தமும் அனுப்பலாம். 2019இல் வெளியான கருந்துளையின் முதல் படத்துக்கான கணக்குகளிலும் இதற்குப் பங்கு உண்டு.

இதன் முதல் பெரும் பதிப்பு 2006இல் வந்தது. இரண்டாவது 2024 ஜூனில்தான். இடைப்பட்ட 18 ஆண்டுகளில் சேர்ந்தவை ஏராளம். ஒரே வேலைக்கு இரண்டு மூன்று பெயர்கள். 'கோர்' என்ற உட்பகுதி உள்வேலைக்காக மட்டும் இருந்தது. வேலி இல்லாத யார்டுக்குள் ஊரார் குறுக்கே நடந்து பாதை போட்டுவிடுவதுபோல, வெளியார் அதையும் நேரடியாகப் பயன்படுத்தப் பழகிவிட்டார்கள். அதனால் உள்ளே எதைத் தொட்டாலும் எங்கோ ஒருவர் வேலை நின்றது.

இரண்டாம் பதிப்பில் முகப்பிலிருந்த பெயர்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைக் குறைத்தார்கள். 'கோர்' என்ற பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு போட்டு, 'இது உள் இடம்' என்று வேலி கட்டினார்கள். ஆனால் பழைய வழியை அன்றே அடைத்துவிடவில்லை. அதில் வருகிறவருக்கு எச்சரிக்கை காட்டி, வழியும் விட்டார்கள். பழைய நிரல்களைத் திருத்தித் தரும் கருவியும் கிடைத்தது. இதைச் சார்ந்த மற்ற நூலகங்கள் தயாராவதற்காகச் சோதனைப் பதிப்பை முன்கூட்டியே வெளியிட்டார்கள்.

இது எங்கள் முறையேதான். பாலத்தின் கர்டரை மாற்ற வேண்டுமானால் மாதக்கணக்கில் தயார் செய்வோம். டிரைவருக்குக் காஷன் ஆர்டர் போகும். பிளாக் கிடைக்கும் சில மணி நேரத்தில் பழையதை இறக்கிப் புதியதை ஏற்றுவோம். அடுத்த வண்டி மெதுவாகப் போகும், ஆனால் போகும்.

மாறான உதாரணமும் உண்டு. அதே பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008இல் வந்தபோது, பழைய நிரல்கள் பல அப்படியே அதில் ஓடவில்லை. அதனால் இரண்டாம் பதிப்பை 2015இல் நிறுத்துவதாக இருந்தவர்கள் 2020 வரை தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. மொழியைத் திருத்தியது சரிதான். ஆனால் கேஜ் மாற்றும்போது வண்டிகளுக்கு என்ன வழி என்பதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

"ஓடுகிறதே, ஏன் தொட வேண்டும்?" என்பார்கள். ஓடுகிறது என்பதாலேயே தொட வேண்டும். துருப்பிடித்த கர்டரும் விழும் நாள் வரை வண்டியைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கும்.

பெரிய கம்பெனிகள் பலவும் இத்தகைய நூலகங்களை இலவசமாக எடுத்துக்கொள்கின்றன. பராமரிப்போ ஒரு சிலர் தோளில் விழுகிறது. இது நியாயமல்ல. இவற்றால் பிழைக்கும் நிறுவனங்கள், தம் ஊழியர்களின் நேரத்தில் ஒரு பகுதியை இந்தச் சீரமைப்புக்கு ஒதுக்க வேண்டும். பதவி உயர்வின்போது அதையும் வேலையாகக் கணக்கில் எடுக்க வேண்டும்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பெயர் வருகிறதோ இல்லையோ, பிறர் கட்டியதைப் படித்துப் புரிந்துகொண்டு, ஒருவர் வேலையும் நிற்காமல் திருத்துவதுதான் தொழிலில் தேர்ந்தவனுக்கு அடையாளம். புதிய பாலத்துக்குத் திறப்பு விழா நடக்கும். பழைய பாலத்தைக் காத்தவனுக்கு, வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததே விழா.